அப்பாயியின் ஆகாசக் கப்பல்

அன்புள்ள ஐயா,

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இப்போது கையில் இருக்கும் கட்டுரையில் 'ஏர்லைனர்' என்ற சொல் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. 'வணிகப் பயணிகள் விமானம்' என்று போட்டால் வாக்கியத்துக்கு மூச்சு வாங்குகிறது. வெறும் 'விமானம்' என்றால் போர் விமானமும் அதற்குள் வந்துவிடுகிறது. கூட வேலை செய்பவரோ 'ஏர்லைன்', 'ஏர்லைனர்' இரண்டும் ஒன்றுதான் என்கிறார். 'வலவன் ஏவா வானவூர்தி' என்று புறநானூற்றிலேயே பாடிய மொழியில் இதற்கு ஒரு சொல் இல்லையே என்று வெட்கமாக இருக்கிறது. நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த வெட்கத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வலவன் ஏவா என்றால் ஓட்டுகிறவன் இல்லாதது. புலவர் பாடும் புகழுடையவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துப் போய்ச் சேரும்போது ஏறுகிற வண்டி அது. திருச்சியில் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்தவரை அதில் ஏறச் சொல்லிப் பாருங்கள். நல்ல கவிதையை இழுத்துவந்து அறிவியல் சாட்சிக் கூண்டில் நிறுத்தும் இந்தப் பழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை.

உங்கள் நண்பர் சொல்வது தவறு. ஏர்லைன் நிறுவனம், ஏர்லைனர் ஊர்தி. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு 'புஸ் மாத்' என்ற ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் ஓட்டினார். வந்தது தபால் மூட்டை. அன்றைக்கே ஏர்லைன் பிறந்துவிட்டது, ஆனால் அந்தக் குட்டி விமானத்தை யாரும் ஏர்லைனர் என்று சொல்லமாட்டார்கள். இதை நண்பரிடம் சொல்லுங்கள், போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது நடுவில் இருக்கும் அந்த 'லைன்'தான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இது கடலிலிருந்து வந்த சொல். ஒரு காலத்தில் சரக்கு நிரம்பினால்தான் கப்பல் கிளம்பும். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான், 'இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர்' என்று நின்றுகொண்டே இருக்கும். 1818 ஜனவரி 5 அன்று நியூயார்க் துறைமுகத்தில் பிளாக் பால் லைன் என்ற கம்பெனி, வயிறு நிரம்பாத ஜேம்ஸ் மன்றோ என்ற கப்பலை, கொட்டுகிற பனியில், சொன்ன நாளில் லிவர்பூலுக்குக் கிளப்பிவிட்டது. நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் நாள் வந்தால் போகும். அப்படி ஒரு தடத்தில் நாள் தவறாமல் ஓடிய கப்பல்தான் பின்னால் லைனர் ஆனது, வானத்துக்குப் போனபோது ஏர்லைனர் ஆனது. நம் ஊரில் இதற்குப் பெயர் ரூட் பஸ். கல்யாணத்துக்குப் பிடித்த வேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ரூட் பஸ் இல்லை, இல்லையா? இங்கேயும் அப்படித்தான், பெரிய உடம்பு இருந்தால் மட்டும் ஏர்லைனர் ஆகிவிடாது.

இன்னொன்றையும் பாருங்கள். டிசி-3 என்ற விமானம் 1935-இல் முதன்முதலாகப் பறந்தது. இருபத்தொரு பேர் உட்கார்ந்து போகலாம், அசல் ஏர்லைனர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கதவை அகலமாக்கி, தரையைப் பலமாக்கி, சி-47 என்று பெயர் மாற்றிப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். அப்போது அது ஏர்லைனர் இல்லை. போர் முடிந்ததும் மிச்சமிருந்தவற்றை மலிவாக விற்றார்கள், கம்பெனிகள் வாங்கி மறுபடி சீட்டுப் போட்டன, மறுபடி ஏர்லைனர். தகரம் அதே தகரம், மாறியது வேலைதான்.

சரி, இதெல்லாம் எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்தது. என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, படிக்காமலே தெரிந்திருந்தது.

நாங்கள் நாகப்பட்டினம். தாத்தா பினாங்கில் இருந்தார். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ராஜூலா கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ராஜூலா வருகிற நாளில் அப்பாயி விடியற்காலையிலேயே தலைகுளித்துவிடுவாராம். தாத்தா வருவார் என்று இல்லை, அவர் வந்ததே மூன்று முறைதான். யாராவது ஊர்க்காரர் வருவார், கையில் ஒரு பொட்டலமும் கடிதமும் இருக்கும். தைல வாசம் அடிக்கிற அந்தப் பொட்டலத்துத் துணியைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை. வெட்டித் தலையணை உறை தைத்திருந்தார், அதில் படுத்துத்தான் நான் வளர்ந்தேன்.

ராஜூலா நின்றுபோய்ப் பல வருஷம் கழித்து, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மெட்ராஸுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். அப்பாயி கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக் கப்பலா, ஆகாசக் கப்பலா?" எனக்குப் பத்து வயது. இங்கிலீஷ் மீடியம் திமிர். "அது கப்பல் இல்ல அப்பாயி, ஏரோபிளேன்" என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நாள் கிழமை தப்பாம வருதுல்ல? அப்ப கப்பல்தான்" என்றார்.

இங்கிலீஷ் பேசுகிறவனும் இதையேதான் செய்தான். விமானத்தில் கேப்டன் எங்கிருந்து வந்தார், வேகத்தை ஏன் இன்னும் 'நாட்' (knot) என்ற கப்பல் கணக்கில் அளக்கிறார்கள்? 1930-களில் பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனி தன் விமானங்களுக்குப் பாய்மரக் கப்பலின் பெயரையே எடுத்து கிளிப்பர் என்று வைத்தது, ஓட்டுகிறவர்களுக்குக் கடற்படை மாதிரி உடுப்பும் போட்டுவிட்டது. அவர்கள் துறைமுகத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் வானத்தில் வைத்தார்கள். நாம் ரயிலடியிலிருந்து 'நிலையம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம், புராணத்தில் தேவர்கள் ஏறிப் போகிற விமானத்துக்குச் சக்கரம் கட்டி ஓடவிட்டோம். இதில் எங்கே ஐயா வந்தது வெட்கம்?

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ஏர்லைனர் என்பது இங்கிலீஷ்காரர்களே வாயால் அதிகம் சொல்கிற சொல் இல்லை. விமானம் தாமதமானால் அவர்களும் பிளேன் என்றுதான் சலித்துக்கொள்வார்கள். இது செய்தித்தாள் சொல், விமானப் பைத்தியங்களின் சொல். அதனால் முதல் இடத்தில் 'பயணிகள் விமானம்' என்று போடுங்கள், அப்புறம் வருகிற இடங்களிலெல்லாம் 'விமானம்' போதும், பக்கத்திலேயே போர் விமானம் வந்து நின்றால் மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். அந்த 'வணிக'வைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். டிக்கெட் வாங்கித்தான் ஏறுகிறோம் என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

'ஆகாசக் கப்பல்' என்று போடச் சொல்ல ஆசைதான். உங்கள் எடிட்டர் வெட்டிவிடுவார்.