வேலி இல்லாத முகாமில் அம்மாவோடு தங்கலாமா?

கேள்வி: ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாராவில் ஆடம்பரக் கூடார முகாம் ஒன்றில் மூன்று இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். 66 வயது அம்மாவும் வருகிறார். முகாமைச் சுற்றி வேலியே கிடையாதாம். துணிக் கூடாரத்தில் தூங்குவது பாதுகாப்பா? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?
– கோவை வாசகி

பதில்: தூங்கலாம். இந்த முகாம்களில் கூடாரம் என்பது பெரும்பாலும் மரத்தளத்தின் மேல் தடித்த கான்வாஸில் எழுப்பிய ஓர் அறைதான். கட்டில், கழிப்பறை, வெந்நீர் எல்லாம் உள்ளேயே இருக்கும். மூடிய கூடாரத்தை யானையும் சிங்கமும் பொதுவாக ஒரு பாறையைப் போலச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூடிய என்பதுதான் முக்கியம். காற்று வரட்டும் என்று ஜிப்பைத் திறந்து வைக்காதீர்கள், ஜன்னலில் வலை இருக்கிறது, அது போதும்.

கவலைப்பட வேண்டியது வெளியே நடப்பதைப் பற்றித்தான். நீர்யானைகள் பகலெல்லாம் மாரா ஆற்றில் கிடந்துவிட்டு, இருட்டியதும் புல் மேயக் கரையேறும். அவற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே மனிதர் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. அதனால் இருட்டிய பிறகு அஸ்காரி எனப்படும் காவலர் வந்துதான் உங்களைச் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு அழைத்துப் போவார். இதோ நாலு எட்டுதானே என்று தனியாகக் கிளம்பக் கூடாது. அம்மாவுக்காக, சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பக்கத்தில், படிகள் குறைவாக உள்ள கூடாரமாக வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பல முகாம்களில் கூடாரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், பாதையும் மேடுபள்ளம். அவசரத்துக்குக் காவலரை எப்படிக் கூப்பிடுவது, விசிலா வாக்கி டாக்கியா என்று போனவுடன் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், முறுக்கு டப்பா. நம் ஆட்கள் அது இல்லாமல் கிளம்ப மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். தின்பண்டம் எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். பபூன் குரங்குகளுக்கு ஜிப் ஒரு பொருட்டே இல்லை. சமையலறையில் கொடுத்தால் பத்திரமாக வைத்துத் தருவார்கள். சைவம் என்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கென்யாவில் சப்பாத்தி அன்றாடச் சாப்பாடு, சிரமம் இருக்காது.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போவதானால் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். செருப்பு முதல் பொடி வரை கவரில் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2017 முதல் தடை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதிகாலை 6 மணிக்குத் திறந்த வண்டியில் நன்றாகவே குளிரும். முகாம்கள் பெரும்பாலும் சூரிய மின்சாரத்தில் ஓடுவதால் ஹேர் டிரையர் வீண் சுமை.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போடும்போது, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டோடு மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.