பூச்சி ஊசி போட்டும் மாடு சினைப்படவில்லை, ஏன்?

கேள்வி: மட்டக்களப்பு கிரானில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறேன். பெரும்போக நெல் வேளாண்மை தொடங்கினால் மாடுகளைப் பெரியமாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவோம். அறுவடை முடியத் திரும்பக் கொண்டுவருவோம். கன்று போட்டு ஒரு வருடம் கடந்தும் பல மாடுகள் பருவத்துக்கு வரவில்லை. எலும்பும் தோலுமாக நிற்கின்றன. பூச்சி ஊசி (புழு மருந்து) போட்டும் பலனில்லை. பருவத்துக்கு வர ஊசி போடலாமா?

பதில்: ஐயா, பருவ ஊசியை இப்போதைக்கு விடுங்கள். உடம்பில் சத்து இல்லாத மாட்டின் சூலகம் வேலை செய்யாமல் கிடக்கும். ஊசியால் ஓரிரு நாள் பருவ அறிகுறி தெரிந்தாலும் சினை நிற்பது அரிது. காசுதான் வீண். மாடு ஏன் மெலிந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் போட்டது பெரும்பாலும் ஐவர்மெக்டின் ஊசியாக இருக்கும். குடலில் இருக்கும் உருண்டைப் புழுவுக்கும் சொறிக்கும் அது நல்ல மருந்து. ஈரலில் இருக்கும் தட்டைப்புழுவை அது கொல்லாது. உங்கள் மாடுகள் மேயும் விதத்தைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் அந்த ஈரற்புழு மீதுதான்.

கோடையில் உன்னிச்சை, உறுகாமம் போன்ற குளங்களில் தண்ணீர் வற்ற வற்ற, பச்சைப் புல் நீரோரத்தில் மட்டுமே மிஞ்சும். பட்டி முழுக்க அங்கேதான் இறங்கும். புழுவின் குஞ்சுகளை வளர்க்கும் நத்தையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நத்தையிலிருந்து வெளியேறும் குஞ்சுகள் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். மாடு மேயும்போது அவை உள்ளே போய், ஈரலைத் துளைத்துத் தின்று வளர்ந்து, பித்தக்குழாயில் குடியேறும். அவை முட்டையிடத் தொடங்க மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். அதற்கு முன் சாணத்தைச் சோதித்தால் 'புழு இல்லை' என்றே வரும். அதை நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாலையில் மாடு பட்டிக்கு வரும்போது தாடைக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். மெத்தென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அது நீர்க்கோப்பு. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப்போயிருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. குடற்புழுவும் உண்ணிக் காய்ச்சலும்கூட இரத்தத்தைக் குறைக்கும் என்பதால், நாலைந்து மாட்டின் புதுச் சாணத்தைத் தனித்தனியாக எடுத்து அன்றைக்கே அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கொடுங்கள்.

ஈரற்புழு உறுதியானால் டிரைக்ளாபெண்டசோல் என்ற மருந்து குஞ்சையும் முதிர்ந்ததையும் கொல்லும். ஒக்சிகுளோசனைட், அல்பெண்டசோல் இரண்டும் முதிர்ந்ததை மட்டும். அல்பெண்டசோலில் அளவு முக்கியம்: குடற்புழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், ஈரற்புழுவுக்கு 10. 200 கிலோ மாட்டுக்கு 10 சதவீதக் கரைசலில் 20 மில்லிலீற்றர். கண்மதிப்பில் குறைத்து ஊற்றுவதால்தான் பல இடங்களில் மருந்து பலிப்பதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: சினையின் முதல் 45 நாளில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். காளை பட்டியோடு திரியும்போது எது சினை என்று உங்களுக்கே தெரியாது. ஆகவே வைத்தியரிடம் கேட்டு வேறு மருந்தைத் தெரிவது பாதுகாப்பு. எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கேளுங்கள்.

காலம் என்று பார்த்தால், மழைக்கு முன் புரட்டாதியில் ஒரு முறை கொடுப்பது நம் பக்கத்துக்குப் பொருந்தும். அப்படிக் கொடுத்தால் சாணத்தோடு விழும் புழு முட்டை மழைநீரோடு நத்தையிடம் போய்ச் சேராது. அடுத்ததைச் சாணச் சோதனை பார்த்து முடிவெடுங்கள்.

புழு போனதும் மாடு தானாகப் பருவத்துக்கு வந்துவிடாது. அறுவடை வைக்கோலை எரிக்க விடாதீர்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பத்து நாள் மூடி வைத்துப் பிரித்து, மணம் ஆறியபின் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாத் தண்ணீரை மாடு குடித்தால் உயிர் போய்விடும், வாளியைக் கவனம். தாது உப்பும் வையுங்கள். கன்று நாள் முழுக்கத் தாயோடு நின்று ஊட்டினாலும் பருவம் தள்ளிப்போகும்; கன்று ஓரளவு வளர்ந்தபின் காலை மாலை மட்டும் ஊட்ட விடலாம்.

கொழுத்த மாடும் சினை நிற்காமல், 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும் கணக்குத் தப்பி எப்போதாவது பருவத்துக்கு வந்தால் காளையைச் சந்தேகியுங்கள். வயதான காளையின் ஆண்குறி உறையில் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். காளைக்கு ஒன்றும் தெரியாது. பசுவின் கரு ஆரம்பத்திலேயே அழியும். சினை ஐந்து மாதம் தாண்டிக் குறைமாதத்தில் கன்று வீசினால் புரூசெல்லா என்ற நோய்க்கிருமிக்கு இரத்தம் சோதியுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதையுங்கள், நாய் இழுக்க விடாதீர்கள்.