கறிவேப்பிலையில் தலைகுப்புற நிற்கும் பூச்சி எந்தக் குடும்பம்?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் தரைவீடு எங்களுடையது. வாசலில் கறிவேப்பிலையும் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையும் அடுத்தடுத்த தொட்டிகளில் இருக்கின்றன. இரண்டு மாதமாகக் கறிவேப்பிலைத் துளிர் சுருண்டு போகிறது. எள்ளளவு பூச்சிகள், பக்கத்தில் வெள்ளை நூல் சுருள் மாதிரி ஏதோ. செடிக்கடைக்காரர் "கூத்து டாவுன்" என்று சொல்லி ஒரு மருந்தைக் கொடுத்தார். மகள் இணையத்தில் தேடினாள். ஓரிடத்தில் அசுவினி, இன்னோர் இடத்தில் சில்லிடே குடும்பம், மூன்றாவதில் லிவியிடே குடும்பம் என்று இருக்கிறது. ஒரே பூச்சிக்கு எத்தனை குடும்பம் சார்? எதை நம்பி மருந்து அடிப்பது? எலுமிச்சைச் செடியை வெட்டிவிட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த மருந்துப் புட்டியை மூடி வையுங்கள் அம்மா. ரசத்தில் போடுகிற இலை அது. வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுக்க ஏறும் வகை மருந்தாக இருந்தால், இலையைக் கழுவினாலும் போகாது.

மகள் எடுத்த படத்தைப் பார்த்தேன். பூச்சி தலையைத் தண்டில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நிற்கிறது. உடம்பு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். இறக்கையில் பழுப்புத் திட்டுகள். துளிரில் ஒட்டிக்கிடக்கும் தட்டையான மஞ்சள் குஞ்சுகளும், அவை வெளியேற்றும் மெழுகுச் சுருள்களும் இருக்கின்றன. நீங்கள் சொன்ன வெள்ளை நூல் அதுதான். இது அசுவினி இல்லை. டயஃபோரினா சிட்ரி என்ற ஆசிய எலுமிச்சைச் சில்லிட். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் இரண்டிலும் குடியேறும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மலாயில் கூத்து என்றால் பேன், டாவுன் என்றால் இலை. செடியில் சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி எதுவானாலும் சந்தையில் அந்தப் பெயர்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதை அப்படியே தமிழாக்கினால் "இலைப்பேன்". தமிழ்நாட்டு விவசாயக் கையேடுகளில் இலைப்பேன் என்பது திரிப்ஸ். அது குடும்பம் மட்டுமல்ல, அதற்கும் மேலான பிரிவாகிய வரிசையே வேறான பூச்சி; இறக்கை ஓரத்தில் மயிர்க்குஞ்சம் வைத்த மெல்லிய கீற்று. ஆக, மலாய்ப் பெயரை மொழிபெயர்த்துத் தமிழில் தேடினால் வேறொரு பூச்சிக்கு உரிய மருந்து உங்கள் கையில் வந்து சேரும். ஊர்ப்பெயர்களை நான் குறைத்துப் பேசுவதில்லை. ஆனால் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து இன்னோர் ஊர்ப்பெயருக்குத் தாவும்போது வழுக்கிவிடும்.

உங்கள் பூச்சியின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் மூன்று பேர். சில்லிட், அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் சேர்ந்த கூட்டம் என்று நான்கு பிரிவுகள் ஒரே துணைவரிசையில் வருகின்றன. நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு பெருக்குக் கண்ணாடி போதும், வீட்டிலேயே பிரித்துவிடலாம். அசுவினியின் முதுகில், வால் பக்கமாக, புகைபோக்கி மாதிரி இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் வெப்பத்தில் அது ஆண் துணையே இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டே போகும். மாவுப்பூச்சி பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். மலாயில் கூத்து பூத்தே என்பது அதைத்தான். வெள்ளை ஈ, செடியை அசைத்தால் சுண்ணாம்புத் தூள் பறப்பது போலக் கிளம்பும். சில்லிட் துள்ளும். அதன் பெயரே அதுதான்: கிரேக்கத்தில் சில்லா என்றால் தெள்ளுப்பூச்சி.

வெள்ளை ஈ பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. விலங்குகளுக்கு இன்று நாம் வைக்கும் பெயர் முறைக்குத் தொடக்கம் 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பு. அதில் அவர் ஒரு வெள்ளை ஈயை அந்துப்பூச்சிகளோடு சேர்த்துவிட்டார்! இறக்கையில் வெள்ளைத் தூள் இருந்ததால் ஏமாந்திருக்கிறார். பிற்பாடு வந்தவர்கள்தான் சரியான வரிசைக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி என்றால், உங்கள் மகள் குழம்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றும் வெள்ளை ஈக்களைப் பறக்கும் பூச்சியை வைத்து இனம் பிரிப்பது கடினம். இலையடியில் ஒட்டிக்கிடக்கும் கூட்டை வைத்துத்தான் பெயர் சொல்வார்கள்.

சரி, இரண்டு குடும்பப் பெயர் விஷயத்துக்கு வருவோம். விமானச் சீட்டுப் பாரத்தில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம் ஆட்கள் அப்பா பெயரை எழுதுவதா, விட்டுவிடுவதா என்று பேனாவைக் கடிப்போம் அல்லவா? பூச்சிகளின் பெயர் நம் பெயரைப் போலத்தான் வேலை செய்கிறது. டயஃபோரினா என்பது பேரினம், தகப்பன் பெயர் மாதிரி முன்னால் வரும். சிட்ரி என்பது இந்தப் பூச்சிக்கே உரியது. இரண்டாம் முறை எழுதும்போது "டி. சிட்ரி" என்று தலையெழுத்து போட்டுச் சுருக்குவதும் நம் வழக்கம்தான். அதே தலையெழுத்தோடு "டி. கம்யூனிஸ்" என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. அதற்கும் கறிவேப்பிலைதான் சாப்பாடு. இந்தியாவிலும் பூட்டானிலும் பதிவாகியிருக்கிறது.

குடும்பம் என்பது இந்த இரண்டு சொல்லுக்குள் வருவதே இல்லை. அது மேலே இருக்கிற வகையறா. யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று ஆய்வாளர்கள் அந்தந்தக் காலத்தில் எடுக்கும் முடிவு. "இடே" என்று முடிந்தால் குடும்பம், "இனே" என்று முடிந்தால் துணைக்குடும்பம், "ஆய்டியா" என்று முடிந்தால் மேற்குடும்பம். சில்லிட்கள் எல்லாம் சேர்ந்த மேற்குடும்பத்தில் இன்று ஏறக்குறைய 4,000 இனங்கள் இருக்கின்றன. வெகுகாலம் உங்கள் பூச்சியைச் சில்லிடே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 2012இல் இறக்கை நரம்பு, கால், குஞ்சுகளின் உடலமைப்பு போன்றவற்றை ஒப்பிட்டு மேற்குடும்பம் முழுவதையும் திருத்தி அடுக்கினார்கள். அப்போது டயஃபோரினா லிவியிடேக்குப் போனது. பிறகு மரபணுச் சான்றையும் சேர்த்துப் பார்த்தபோது அங்கே அதற்குச் சொந்தம் பொருந்தவில்லை. 2021 திருத்தத்தில் மறுபடி சில்லிடேக்கே வந்துவிட்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட பக்கங்களில் லிவியிடே என்றும், முன்னும் பின்னும் எழுதப்பட்டவற்றில் சில்லிடே என்றும் இருக்கும். பழைய பக்கத்தை யாரும் திருத்துவதில்லை. மகள் பார்த்தது அதைத்தான்.

இத்தனை இடமாற்றத்திலும் டயஃபோரினா சிட்ரி என்ற பெயர் அசையவே இல்லை. தைவானில் பிடித்த பூச்சியை வைத்து 1908இல் குவயாமா என்ற ஜப்பானியர் வைத்த பெயர் அது. முழுப் பெயரை எழுதும்போது பின்னால் "குவயாமா, 1908" என்று அடைப்புக்குறி இல்லாமல் வரும். அடைப்புக்குறி இல்லை என்றால், பெயர் வைத்தவர் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதிலேயே இன்னும் இருக்கிறது என்று பொருள். அடைப்புக்குள் ஆள் பெயர் வந்தால் பேரினம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். புகையிலை வெள்ளை ஈக்கு 1889இல் பெயர் வைத்த கென்னடியஸின் பெயர் அடைப்புக்குள்தான் இருக்கும். தேடும்போது குடும்பத்தை விட்டுவிட்டு இந்த இரண்டு சொல்லை வைத்துத் தேடச் சொல்லுங்கள், தகவல் சரியாக வந்து விழும்.

செடிப் பெயரும் இதே கூத்துதான். கறிவேப்பிலையைப் பழைய நூல்கள் முர்ரயா கோனிகி என்கின்றன, இப்போது பெர்கெரா கோனிகி. அதுவும் புதுப் பெயர் அல்ல, லின்னேயஸ் காலத்துப் பெயர்தான் திரும்பி வந்திருக்கிறது. கோனிகி யார் தெரியுமா? தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து செடிகளைச் சேகரித்த கோனிக்கின் நினைவாக வைத்தது. முர்ரயா பேரினத்தில் தங்கியிருப்பது வேலிக்கு வைக்கும் வெள்ளைப் பூச்செடியான நம் கெமுனிங்.

கெமுனிங்கை ஏன் இழுக்கிறேன் என்றால், இந்தப் பூச்சிக்கு மிகவும் பிடித்த இருப்பிடம் அதுதான். உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யார் வீட்டு வேலியிலாவது வெட்டி வெட்டி விட்ட கெமுனிங் இருக்கும். வெட்டிய ஒவ்வொரு முறையும் துளிர் வரும், துளிர் வந்தால் பூச்சி முட்டையிடும். முற்றிய இலையில் அது முட்டையிடாது. உங்கள் வீட்டு வைத்தியம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

சுருண்ட துளிர்களைக் கிள்ளி உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெயிலில் ஒரு நாள் வையுங்கள். கிள்ளியதைத் தொட்டியடியிலேயே போட்டால் பயனில்லை. மீதியைத் தண்ணீர்க் குழாயால் இலையடியில் படும்படி அடியுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகு ஒரு கிளையில் தெளித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் செடி முழுக்கத் தெளிக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும், அதனால் வாரம் ஒரு முறை மூன்று வாரமாவது செய்ய வேண்டும். யூரியா மாதிரி தழைச்சத்து உரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அது துளிரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கிள்ளுவதற்கு முன் குஞ்சுகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பாருங்கள். பழுப்பாக இறுகிப்போய், முதுகில் வட்ட ஓட்டையோடு கிடந்தால், தமரிக்சியா ரேடியாட்டா என்ற குட்டிக் குளவி உங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழுப்பேறியும் ஓட்டை விழாமலும் கிடப்பவற்றை விட்டு வையுங்கள், உள்ளே குளவி இருக்கும். கடை மருந்தை அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது அதுதான்.

இப்போது லீமாவ் கஸ்தூரி. வெட்டச் சொல்ல மாட்டேன், ஆனால் கவனம் அங்கேதான் வேண்டும். கறிவேப்பிலைக்கு இந்தப் பூச்சியால் துளிர் நஷ்டம், மேலே கொஞ்சம் கரும்பூசணம், அவ்வளவுதான். எலுமிச்சை வகைகளுக்கு இது ஹுவாங்லோங்பிங் என்ற நோயின் பாக்டீரியாவைச் சுமந்து வரும். அந்தச் சீனப் பெயருக்கு "மஞ்சள் துளிர் நோய்" என்று அர்த்தம். லோங் என்பதைப் பலர் டிராகன் என்று நினைக்கிறார்கள், தியோச்சூ பேச்சில் அது துளிராம். பூச்சி இருப்பதாலேயே நோய் இருக்கிறது என்று ஆகாது. இலையை எடுத்து நடுநரம்பின் இரு பக்கமும் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் சத்துக் குறைவு. ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் திட்டுத்திட்டாக மஞ்சள் படர்ந்து, காய் கோணலாகி, பழுக்கும் காலத்திலும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால் சந்தேகப்பட வேண்டும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. உறுதியானால் செடியை எடுத்துவிடத்தான் வேண்டும். அதுவரைக்கும் இரண்டு தொட்டிகளையும் வாசலின் இரண்டு கோடிகளில் வையுங்கள், ஒன்றில் தெளிக்கும்போது மற்றதிலும் தெளியுங்கள். அந்தச் செடியிலிருந்து ஒட்டுக்கிளை வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் விவசாய இலாகாவுக்கு மாதிரி கொண்டு போகலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின் கீழ் பிடித்து, கிளையை மூன்று தட்டுத் தட்டுங்கள். விழுவதை ஈரத் தூரிகையால் தொட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய சின்னக் குப்பியில் போடுங்கள். செலோடேப்பில் ஒட்டிக் கொண்டு போகாதீர்கள், இறக்கையும் காலும் நசுங்கினால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. இலையோடு குஞ்சுகளும் இருந்தால் இன்னும் நல்லது. எந்தச் செடி, எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா வேண்டாம், மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.