பூ ஆராய்ச்சி சோறு போடுமா? சேலத்துப் பூ வியாபாரிக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடித்த மகள், பூவிலிருந்து சத்துப் பொருள் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் தனிப் படிப்பு தேட வேண்டாம். உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்தால் இந்த வேலைக்குள் போகலாம்.

வேலை என்னவென்று சொல்கிறேன். செம்பருத்தி, சங்குப்பூ, ஆவாரம்பூ போன்றவற்றை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனால் என்கிற ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து வடிகட்டுவார்கள். அப்புறம் சூடு அதிகம் ஏறாமல் எத்தனாலை ஆவியாக்குவார்கள். சூடு ஏறினால் செம்பருத்திக்கும் சங்குப்பூவுக்கும் நிறம் தருகிற ஆந்தோசயனின் சிதைந்துவிடும். மிஞ்சும் சாற்றை டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் விட்டால் அது வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்று கருவியில் அளந்தால் ஆக்சிஜனேற்றத்தை, அதாவது காற்றுபட்டு எண்ணெய் கெடுவது போன்ற மாற்றத்தை, தடுக்கும் ஆற்றல் தெரியும். கிருமி வளர்க்க அகர் என்ற கூழ் பரப்பிய தட்டில் சாற்றை வைத்தால், வேலை செய்கிற சாறாக இருந்தால் சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழும். எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிக்காமல், உணவு சீக்கிரம் கெடாமல் இருக்க இதைப் பயன்படுத்தலாமா என்பதுதான் ஆராய்ச்சி. தட்டில் வட்டம் விழுந்தாலே மருந்தாகிவிடாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

உங்கள் தொழில் பாப்பாவுக்குப் பெரிய பலம். பனமரத்துப்பட்டி பக்கம் விளைகிற அரளி மாலைக்கு அழகு, வயிற்றுக்குள் போனால் இதயத்தையே பாதிக்கும் நஞ்சு. மாலைக்கு வரும் ரோஜாவையும் அப்படியே எடுத்துச் சாறு இறக்க முடியாது. பூச்சிமருந்து அடித்திருந்தால் அதுவும் சாற்றோடு சேர்ந்து இறங்கி, சாறு கெட்டியாகும்போது செறிவாகிவிடும். ஆகவே சாப்பிடுவதற்கென்றே தனியாக வளர்த்த பூ வேண்டும். எந்தப் பூ எந்தத் தோட்டத்திலிருந்து, எந்தப் பருவத்தில் வருகிறது என்று விசாரித்துப் பழகிய வீட்டுப் பெண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

என்னைக் கேட்டால் பி.எஸ்சி. உயிர்வேதியியல். அடுத்து எம்.எஸ்சி.க்குச் சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வும் எழுதலாம். பிளஸ் டூவில் கணிதமும் இருந்தால், உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். பற்றியும் யோசிக்கலாம், தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும்.

வேலை? ஆராய்ச்சியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உணவுப் பரிசோதனைக் கூடம், பால் பண்ணை, மசாலா கம்பெனி, நம்மூர் ஜவ்வரிசி ஆலை என்று தரம் பார்க்கும் வேலைக்கும் இதே கைப்பழக்கம்தான் கேட்பார்கள். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. எம்.எஸ்சி. முடித்து, கருவிகளைத் தானே இயக்கத் தெரிந்தால் நிலைமை மாறும்.

பாப்பா 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்ததும் கல்லூரியிலேயே கேளுங்கள். கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கிருக்கும் கருவிகளை இளநிலை மாணவர்கள் கையால் தொட்டுச் செய்கிறார்களா என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடமே விசாரியுங்கள்.