குட்டிப் பாம்பு வாங்கும் முன்: கேள்வி பதில்

வீட்டில் வளர்க்கச் சின்னதாக ஒரு பாம்பு வாங்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. சட்டத்தைப் பற்றி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இனத்தை வளர்க்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை விசாரித்துவிட்டுத்தான் மற்றது. அனுமதி இருந்தாலும் வளர்ப்பில் பிறந்த குட்டியாகவே வாங்குங்கள். காட்டில் பிடித்தது பெரும்பாலும் ஒட்டுண்ணிகளோடு வரும், சாப்பிடவும் அடம்பிடிக்கும்.

அண்ணா, கடைசி வரை சின்னதாகவே இருக்கிற பாம்பு எது?

கென்யா மணல் போவாவில் ஆண் பாம்பு பெரும்பாலும் அரை மீட்டரோடு நின்றுவிடும். ஆனால் பகல் முழுக்க மணலுக்குள் புதைந்து கிடக்கும், நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் வெறும் மணலைத்தான். கார்ன் ஸ்நேக் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை வளரும், உடம்பு ஒல்லி. பால் பைத்தானும் (ball python, ஒரு மலைப்பாம்பு வகை) ஏறக்குறைய அதே நீளம், ஆனால் நல்ல பருமன். நீளத்தை எல்லோரும் கேட்கிறீர்கள், ஆயுளை யாரும் கேட்பதில்லை. கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 ஆண்டுகள் இருக்கும். பால் பைத்தான் 30ஐக்கூடத் தொடும்.

பாம்பையும் பெட்டியையும் ஒரே நாளில் வாங்கிவிடலாமா?

கூடாது. பெட்டியை முதலில் வாங்கி, பாம்பே இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அதனால் பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியும் மறுபக்கம் 24 டிகிரியை ஒட்டியும் இருந்தால் சரி. இரண்டு பக்கமும் உடம்பை நெருக்கிச் சுருண்டுகொள்ளும் அளவில் ஒவ்வொரு ஒளிவிடம் வையுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால், ஒளிந்துகொள்வதற்காகத் தேவையான சூட்டையே விட்டுக்கொடுக்கும்.

பெட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பான ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே போடாதீர்கள். அது பாட்டுக்குச் சூடேறும், பாம்பும் விலகாமல் அதன்மேலேயே படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். செலவைக் குறைக்க நினைத்தால் அலங்காரச் செடியில் குறையுங்கள், இதில் வேண்டாம். அப்புறம், மூடிக்குப் பூட்டு. தலை நுழையும் இடுக்கு இருந்தால் உடம்பும் வெளியே போய்விடும்.

எலி கொடுக்க மனம் வரவில்லை. வேறு ஏதாவது உண்டா?

காய்கறி தின்னும் பாம்பு கிடையாது. எலியை ஃப்ரீசரில் வைக்கவே முடியாது என்றால் பாம்பு வேண்டாம், சார். முடியும் என்றால், உறைந்த எலியை முழுதாக உருகவைத்து, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்டுங்கள். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு போதும். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். தின்றபின் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும்.

கண் வெளுத்துப்போய், சாப்பிடவும் மாட்டேன் என்கிறது என்று நண்பர் புலம்புகிறார். நோயா?

சட்டை உரிக்கப்போகிறது, அவ்வளவுதான். நிறம் மங்கும், கண்ணில் பால் படிந்ததுபோல நீலம் பாயும். சில நாளில் கண் தெளிந்ததும், மூக்கைக் கரடான மரத்துண்டில் தேய்த்துத் தோலைக் கிளப்பி, காலுறையைக் கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியே வர உரித்துவிட்டு நகரும். ஒரே துண்டாக வந்தால் நல்லது. துண்டு துண்டாக வந்தால் ஈரப்பதம் போதவில்லை. உரித்த தோலில் கண்மூடிகள், அதாவது கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில்கள், வந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி, கண்ணைச் சுற்றிக் கரும்புள்ளியாக உண்ணி, இதில் எது இருந்தாலும் திரும்பிவிடுங்கள். "எங்கள் முன்னால் ஒருமுறை தின்னவிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்காத கடைக்காரர் நல்ல கடைக்காரர்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. வாங்கலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. பார்க்க நன்றாக இருக்கும் பாம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கடுமையாகப் படுத்தும். குழந்தை கொஞ்சம் வளரட்டும். அதற்குள் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் யார் என்று தேடிவையுங்கள், கிடைப்பது லேசில்லை.