வீடியோவைப் பார்த்து வரைந்தால் வருகிறது, மூடிவிட்டால் வரவில்லை. எனக்குத் திறமை இல்லையா?

திறமையை விடுங்கள். ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையுங்கள். வரைந்துவிட்டு மேலே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித்தருகிறேன். பாதிப்பேர் சைக்கிளில்தான் வருவார்கள். அவர்களிடமே இதைக் கொடுத்தேன். ஒருத்தன் செயினை இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டியிருந்தான். ஒருத்தி இரண்டு சக்கரத்தின் நடுவையும் ஒரே கம்பியால் இணைத்துவிட்டாள். அந்த வண்டியில் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. இங்கிலாந்தில் ரெபெக்கா லாசன் என்ற உளவியலாளர் இதே சோதனையைப் பெரியவர்களிடம் செய்து 2006-ல் வெளியிட்டார். அங்கேயும் இதே கூத்துதான். சைக்கிள் நன்றாகத் தெரிந்தவர்களிடம் தப்பு குறைந்தது, ஆனால் ஒழியவில்லை.

நான் ஒன்றையும் திருத்தவில்லை. "கீழே போய்ப் பாத்துட்டு வாங்க, பென்சில் இங்கயே இருக்கட்டும்" என்று அனுப்பினேன். செயின் மாட்டிய பையன் பெடல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினான்: "சார், நடுவுல தனியா ஒரு பல்சக்கரம் இருக்கு சார்!" மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி சைக்கிள் வரையச் சொன்னேன். பல்சக்கரம் சரியான இடத்தில் இருந்தது.

உங்களுக்கு விட்டுப்போனது இதுதான். வீடியோ ஓடும்போது கை கோட்டைப் பின்தொடர்கிறதே தவிர, மனசு எதையும் தேடி எடுக்கவில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அது எழுத்துப் பாடம்தான். ஆனால் படத்துக்கும் அது பொருந்துவதை என் மாடியில் பார்க்கிறேன். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஓவிய ஆசிரியர் மாணவர்களை நினைவிலிருந்தே வரையப் பழக்கினார். சிற்பி ரோடின் அவரிடம் படித்தவர்.

இன்னொன்று, நானே செய்த தப்பு. ஒரு மாதம் முழுக்க மூக்கு மட்டும் போடவைத்தேன். மாதக் கடைசியில் பிரமாதமான மூக்குகள். இரண்டு வாரம் கழித்து முழு முகம் கேட்டேன், பழைய கொடைமிளகாய் மூக்கு திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒரே வகுப்பில் கண், கை, சொம்பு என்று கலந்து கொடுக்கிறேன். "ஒண்ணையும் உருப்படியா முடிக்க விடமாட்டேங்குறீங்க சார்" என்று பிள்ளைகளுக்குக் குறை. 2008-ல் கோர்னெல், பியோர்க் என்ற உளவியலாளர்கள் 12 ஓவியர்களின் படங்களைக் காட்டி யார் பாணி எது என்று கற்கவைத்தபோது, கலந்து பார்த்தவர்களுக்கே அதிகம் பிடிபட்டது. ஆனால் ஒவ்வொருவராக வரிசையாகப் பார்த்ததுதான் நல்லது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு நிமிடம் பாருங்கள், மூடுங்கள், வரையுங்கள். பிறகு திறந்து, வித்தியாசத்தைச் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். இரண்டு நாள் விட்டு அதையே மறுபடி. பார்த்து வரைவதை விட வேண்டாம், கைக்கு அதுவும் வேண்டும்.

நோட்டு மட்டும் அசிங்கமாகத்தான் இருக்கும். போன மாதம் ஒரு அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி நல்லா வரைஞ்சுட்டிருந்தானே சார்" என்றார். பையனைக் கூப்பிட்டு, பார்க்காமல் ஒரு சைக்கிள் போட்டுக் காட்டச் சொன்னேன்.