மாரியோவின் இன்னொரு இரண்டாம் பாகம்: கேளுங்கள், சொல்கிறேன்

கோத்தகிரியில் மூன்று நாளாக அடைமழை. கடையில் வேலை குறைவு. 1986 ஜூனில் ஜப்பானில் மட்டும் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ என்ற வீடியோ கேம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேம்.

குன்னூரிலிருந்து: அண்ணா, எங்க டிவி கேம் கேசட்ல இருந்த மாரியோ 2-ல செடியைப் பிடுங்கி எதிரி மேல எறியணும். அதுதானே இது?

இல்லை தம்பி. நீங்கள் ஆடியது 1988-ல் அமெரிக்காவுக்காக வந்தது. 1987-ல் ஜப்பானில் வந்த ‘டோக்கி டோக்கி பேனிக்’ என்ற கேமில் ஆட்களை மாற்றி மாரியோ, லூயிஜி, இளவரசி, டோட் என்று வைத்துக் கொடுத்தார்கள். ஜப்பானின் அசல் இரண்டாம் பாகம் ரொம்பக் கஷ்டம் என்று, அதைச் செய்த நின்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஒதுக்கிவிட்டது. 1993-ல் ‘சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்’ தொகுப்பில்தான் ‘தி லாஸ்ட் லெவல்ஸ்’ என்ற பெயரில் அது ஜப்பானுக்கு வெளியே வந்தது.

கூடலூரிலிருந்து: காளானை எடுத்தா செத்துப்போறேன். கேம்ல கோளாறா?

கோளாறு இல்லை, அது விஷக் காளான். முதல் லெவலிலேயே வரும். சின்ன மாரியோ தொட்டால் உயிர் போகும், பெரியவன் தொட்டால் சின்னவனாவான். மழை விட்டதும் சோலைக்குள் முளைக்கிற காளானை நாம் உற்றுப் பார்த்துத்தானே பறிப்போம்? அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். அசலில் நிறத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஆல்-ஸ்டார்ஸில் மண்டையோடு மாதிரி முகம் இருக்கும்.

ஊட்டியிலிருந்து: பையனுக்குப் பத்து வயசு. தோத்துத் தோத்து அழறான். யாரை வச்சு ஆடச் சொல்லட்டும்?

லூயிஜி, அக்கா. மாரியோவை விட உயரமாகத் தாவுவான். ஆனால் நிறுத்தினால் சட்டென்று நிற்கமாட்டான், வழுக்குவான். அதற்கு ஒரு வாரம் பழகட்டும். அதோடு, முதல் மாரியோவை முழுசாக முடிக்காமல் இதைத் தொடவேண்டாம். அதில் கைதேர்ந்தவர்களுக்காகவே இதைச் செய்தார்கள். பையன் மேல் தப்பே இல்லை.

மஞ்சூரிலிருந்து: காத்தெல்லாம் அடிக்குமாமே, நிஜமா?

நிஜம். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சில லெவல்களில் இலைகள் இடமிருந்து வலமாகப் பறக்கும். காற்று மாரியோவை முன்னால் தள்ளும். முதல் தடவை எல்லோரும் செய்வது, பயந்து பின்னால் இழுத்துப் பிடிப்பது. நானும் அப்படித்தான் குழியில் விழுந்துகொண்டே இருந்தேன். பிறகுதான் புரிந்தது: காற்றின் துணை இல்லாமல் தாண்டவே முடியாத பள்ளங்களை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். இலை பறக்கும்போது ஓடிவந்து தாவினால் காற்றே அக்கரையில் சேர்க்கும். ஆனால் சின்னத் திட்டில் இறங்கும்போது அதே காற்று விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடும். அங்கே தாவலைக் குறைக்கவேண்டும். ஆடிக் காற்றில் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் இறங்கிப் பழகிய உங்களுக்கு இது சொல்லாமலே வரும். 1999-ல் கேம் பாய் கலர் என்ற கைக்கருவிக்கு வந்த பதிப்பில் இந்தக் காற்றை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

அருவங்காட்டிலிருந்து: மூணாவது உலகத்துல வார்ப் குழாய் கிடைச்சுது. இறங்கினா முதல் உலகம்!

பல லெவல்கள் சேர்ந்தது ஓர் உலகம்; வார்ப் குழாய் வேறு உலகத்துக்குத் தாவவைக்கும் குறுக்குவழி. இங்கே பின்னால் தள்ளும்படிதான் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயில் இறங்காதீர்கள்.

கேத்தியிலிருந்து: எட்டு உலகம் முடிச்சா அவ்வளவுதானா?

இல்லை. வார்ப் எதுவும் எடுக்காமல் முடித்தால் ஒன்பதாவது உலகம் திறக்கும். அதற்கும் மேலே ஏ, பி, சி, டி என்று நான்கு உலகங்கள். அசலில் அவற்றைப் பார்க்க முழு கேமையும் எட்டுத் தடவை முடிக்கவேண்டும். ஆல்-ஸ்டார்ஸில் அந்த நிபந்தனை கிடையாது, இடையில் சேமித்தும் வைக்கலாம். மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நம் ஊருக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.